தாம்பூலப் பையில் எச்சிவேரியா வேண்டாமே

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

இப்போதெல்லாம் வளைகாப்பு, காதுகுத்து, கிரகப்பிரவேசம் என எதற்குப் போனாலும் தாம்பூலப் பையில் உள்ளங்கை அளவுப் பீங்கான் தொட்டி ஒன்று இருக்கிறது. அதில் தாமரைப் பூப்போல இலைகளை அடுக்கிய ஒரு செடி. நர்சரியில் சக்குலன்ட் என்பார்கள். பெரும்பாலும் அது எச்சிவேரியா. பிளாஸ்டிக் டப்பா கொடுப்பதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் சென்னை, கடலூர், நாகை போன்ற கடலோர ஊர்களில் இதைக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

'கவனிப்பே தேவையில்லை' என்று சொல்லித்தான் விற்கிறார்கள். இரண்டு மூன்று மாதத்தில் அழுகிவிடும். ஆசையாக ஜன்னலில் வைத்த குழந்தை 'என் கைக்குச் செடியே வராது' என்று முடிவு கட்டிவிடும். செடி போவதைவிட அந்த முடிவுதான் எனக்கு வருத்தம். ஏழு வயதில் அப்படி நினைத்துவிட்ட பிள்ளையைப் பிறகு பள்ளித் தோட்டத்துக்குள் இழுப்பது எவ்வளவு பாடு என்று பார்த்திருக்கிறேன்.

எச்சிவேரியா மெக்சிகோ மலைச்சரிவுகளில் பாறை இடுக்குகளில் வளர்வது. அத்தனாசியோ எச்செவெரியா என்ற மெக்சிகோ ஓவியரின் நினைவாக 1828-ல் வைத்த பெயர் அது. அங்கே பகலில் நல்ல வெளிச்சம், இரவில் குளிர். மழை பெய்தாலும் வேரில் தண்ணீர் நிற்காது.

வறட்சியைத் தாங்கும் செடி என்றதும் நாம் வெயிலைத்தான் நினைக்கிறோம். சூட்சுமம் இரவில் இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் சி.ஏ.எம். சுழற்சி என்று எழுதினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? இந்தச் செடிகள் பகலில் இலைத்துளையை மூடிக்கொள்ளும். இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி, அமிலமாகச் சேர்த்துவைத்து, மறுநாள் வெளிச்சத்தில் உணவாக்கும். இலை விளிம்பில் குட்டி போடுமே ரணகள்ளி, அதுவும் எச்சிவேரியாவின் குடும்பம்தான். அதன் இலை காலையில் புளிக்கும், நடுப்பகலில் சுவையில்லாமல் போகும் என்று கவனித்து எழுதியவர் பெஞ்சமின் ஹெய்ன். தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக இருந்தவர். 1815-ல் லண்டனில் அது அச்சானது. (நீங்கள் கடித்துப் பார்க்க வேண்டாம்!)

இரவு குளிர்ந்தால்தான் இந்த ஏற்பாடு ஒழுங்காக நடக்கும். மே மாதத்தில் சென்னையில் இரவிலும் 28 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் உண்டு. அப்போது செடி வளர்ச்சியை நிறுத்திக் கிடக்கும், வேர் தண்ணீரை எடுக்காது. வாடியிருக்கிறதே என்று இரக்கப்பட்டு நாம் இன்னும் ஊற்றுவோம். பீங்கான் தொட்டிக்கு அடியில் ஓட்டையும் இருக்காது. பிறகு அழுகாமல் என்ன செய்யும்? ஊட்டி, கொடைக்கானல், ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. தாராளமாக வளருங்கள்.

ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டதா? முதல் வேலையாக ஓட்டையுள்ள மண்தொட்டிக்கு மாற்றுங்கள். பாதிக்கு மேல் பெருமணலும் சிறு ஜல்லியும், மீதி செம்மண், ஒரு கைப்பிடி மக்கிய உரம். தேங்காய் நார்த்தூள் ஈரத்தைப் பிடித்து வைக்கும், அது வேண்டாம். காலை வெயில் மூன்று மணி நேரம் படட்டும், உச்சி வெயில் படக்கூடாது. விரலை விட்டுப் பாருங்கள். இரண்டு கணு ஆழத்துக்கு மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர், அதுவும் மண்ணில்தான், இலை அடுக்கின் நடுவில் அல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையில் சன்ஷேடுக்குக் கீழே இருக்கட்டும். அடி இலை காகிதம்போலக் காய்ந்தால் இயல்பு. கண்ணாடிபோல மஞ்சளாகிக் கொழகொழத்தால் தண்ணீர் அதிகம். தண்டு நீண்டு இலைகள் விலகினால் வெளிச்சம் போதவில்லை. அப்போது தலையைக் கிள்ளி, நான்கு நாள் நிழலில் வெட்டுவாயை ஆறவிட்டு, காய்ந்த மணலில் ஊன்றுங்கள். இலைமேல் இருக்கும் வெண்பொடியைத் துடைக்காதீர்கள். வெயிலிலிருந்து அதைக் காப்பது அந்தப் பொடிதான்.

விசேஷத்துக்குச் செடிதான் கொடுக்க வேண்டும் என்றால் சோற்றுக் கற்றாழை கொடுங்கள். அதுவும் அரேபியாவிலிருந்து வந்ததுதான், ஆனால் நம் ஊர்ச் சூட்டில் தலைமுறை தலைமுறையாக வளர்கிறது. ஒரு தாய்ச்செடி தன்னைச் சுற்றிப் பக்கக்கன்றுகளை விட்டுக்கொண்டே இருக்கும். காசும் மிச்சம். முள் இருக்கிறதே, மங்கல காரியத்துக்கு ஆகுமா என்று நம் வீட்டு அத்தைமார் கேட்பார்கள். திருஷ்டிக்கு என்று அதையே நிலைவாசலில் தலைகீழாகக் கட்டியிருப்பவர்களும் அவர்களே. மண் இல்லை, தண்ணீர் இல்லை, மாதக்கணக்கில் பச்சையாகத் தொங்குகிறதே, ஒரு குழந்தையின் கையில் அது பிழைக்காதா?

மாசியில் என் பேத்திக்குக் காதுகுத்து. இருபது கன்றுகள் இப்போதே பிரித்து வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் யாருக்காவது வேண்டுமென்றால் வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம். தொட்டி மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள், ஓட்டையுள்ளதாக.