ஒயில் மாற்றினால் போதாது, அளவும் பார்க்க வேண்டும்

துலா மிதித்தும் பட்டை பிடித்தும் தோட்டத்திற்குத் தண்ணீர் இறைத்த காலத்தை எமது முதியவர்கள் இன்னும் மறக்கவில்லை. இன்று அந்த வேலையை ஒருவர் தூக்கிச் செல்லக்கூடிய சிறிய நீர் இறைக்கும் இயந்திரம் செய்து முடிக்கின்றது. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் அந்த இயந்திரத்தை நம்பியே நிற்கின்றன. ஆனால் அதனைப் பேணும் முறையை நாம் எந்தளவுக்குக் கற்றிருக்கின்றோம் என்பதே எமது கேள்வியாகும்.

அண்மையில் வன்னிக் கிராமமொன்றில் நாம் கண்டதைக் குறிப்பிடலாம். கணவனை இழந்த பெண்ணொருவர் அரை ஏக்கரில் மிளகாய் நட்டிருந்தார். உதவித் திட்டமொன்றின் கீழ் கிடைத்த இயந்திரமே அவருக்கு ஆதாரம். கராஜுக்குக் கொடுக்கும் கூலியை மிச்சப்படுத்த எண்ணி, தமையனின் மகன் வீட்டு முற்றத்திலேயே ஒயில் மாற்றிக் கொடுத்தான். பழைய ஒயிலை நன்றாக வடியவிடுவதற்காக இயந்திரத்தின் ஒரு பக்கத்திற்குக் கல் வைத்துச் சரித்திருந்தான். பின்னர் மறுபக்கத் துவாரத்தின் வழியாகப் புது ஒயில் ஊற்றியபோது அந்தக் கல்லை எடுக்கவில்லை. ஒயில் வழியவில்லை, ஆகையால் இன்னும் இடமிருக்கின்றதென எண்ணி, ஒரு லீற்றர் கேனின் பெரும்பகுதியை ஊற்றிவிட்டான். அந்த இயந்திரம் கொள்ளும் அளவோ ஏறக்குறைய 600 மில்லிலீற்றர் மட்டுமே.

மறுநாள் காலை இயந்திரம் வெண்புகை கக்கியது. காற்று வடிகட்டி ஒயிலில் நனைந்தது. சிறிது நேரத்தில் நின்றுபோனது. கயிறு இழுத்துக் கை நொந்ததே தவிர மீண்டும் இயங்கவில்லை. பட்டணத்துக்கு ஏற்றிச் சென்று திருத்தி வர ஐந்து நாட்கள் சென்றன. அதற்குள் அயலவரின் இயந்திரத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்தும், தோட்டத்தின் ஒரு பகுதி வாடிவிட்டது. "ஒயில் கூடிப் போச்சுது அக்கா, வேறை ஒண்டுமில்லை" என்றார் மெக்கானிக். அந்த ஒரு வாக்கியத்தின் விலை அவருக்கு ஒரு மாத வருமானம்.

அந்த இளைஞனைக் குறை கூற நாம் முன்வரவில்லை. தன் கையால் வேலை செய்ய முன்வந்தவன் அவன். ஆயினும் எமது மக்களிடையே ஆழமாக வேரூன்றிய ஓர் எண்ணத்தை இந்நிகழ்ச்சி வெளிப்படுத்துகின்றது. ஒயில் குறைந்தால்தான் கேடு, கூடினால் இயந்திரத்திற்கு நல்லதே என்பதுதான் அந்த எண்ணம். விருந்தினருக்குச் சோறு போடுவதுபோல இயந்திரத்திற்கும் தாராளமாக ஊற்றுகின்றோம். இயந்திரம் விருந்தாளியன்று, அதற்கு அளவே மருந்து.

ஒயில் அளவுக்கு மேற்பட்டால் என்ன நிகழ்கின்றது? வேகமாகச் சுழலும் கிராங்க் தண்டு ஒயிலில் அடிபட்டு அதனை நுரையாக்குகின்றது. நுரை கலந்த ஒயில் உராய்வைச் சரிவரத் தடுக்காது, சூடும் ஏறுகின்றது. மிகுதி ஒயில் மூச்சுக் குழாய் வழியாகக் காற்று வடிகட்டிக்குச் செல்கின்றது. சீல்கள் வழியாகவும் கசிகின்றது. டீசலில் இயங்கும் இரு சில்லு உழவு இயந்திரமாயின் ஆபத்து இன்னும் பெரிது. உள்ளே இழுபடும் ஒயிலையே எரிபொருளாகக் கொண்டு, டீசலை அடைத்த பின்னரும் நிற்காமல் வேகமெடுத்து ஓடவும் கூடும். ஒயில் குறைந்தாலோ, தேய்வும் சூடும் மிகுந்து பிஸ்டன் இறுகிவிடும். சில இயந்திரங்களில் ஒயில் குறைந்தவுடன் தானாக நின்றுவிடும் அமைப்பு உண்டு. அதனைப் பழுதென எண்ணி அந்த வயரைக் கழற்றிவிடுவோரும் உளர். காவல் நாயைக் கட்டிவைத்துவிட்டுக் கள்வனைத் தேடுவது போன்றது இது.

எனவே, ஒயில் மாற்றும் வேலை மூடியை இறுக்குவதோடு முடிவதில்லை. அளவு பார்ப்பதோடுதான் முடிகின்றது. இதற்கு விசேட கருவி எதுவும் வேண்டியதில்லை. இயந்திரத்தைச் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்தினால் பழைய ஒயில் இளகி நன்றாக வடியும். கை சுடாதபடி கவனம் தேவை. வடித்த ஒயிலை எறியுமுன் அளந்து பார்க்க வேண்டும். ஊற்றியதைவிட மிகவும் குறைந்திருந்தால் இயந்திரம் ஒயிலைக் குடிக்கின்றது அல்லது எங்கோ கசிகின்றது என்று பொருள். வடிகால் ஆணியை வாசருடன் பூட்டிய பின் இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்த வேண்டும். புது ஒயிலையும் அளந்து, குறித்த அளவுக்குச் சற்றுக் குறைவாகவே முதலில் ஊற்ற வேண்டும். ஊற்றுவது இலகு, எடுப்பதுதான் சிரமம்.

இவ்விடத்தில் எமது ஊர் அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மண்ணெண்ணெயையும் நல்லெண்ணெயையும் நாம் போத்தற் கணக்கில் வாங்கிப் பழகியவர்கள். போத்தல் என்றால் 750 மில்லிலீற்றர். 600 மில்லிலீற்றர் கொள்ளும் இயந்திரத்திற்கு "ஒரு போத்தல் ஊற்று" என்று கைமருந்து சொல்வதுபோலச் சொன்னால் 150 மில்லிலீற்றர் கூடிவிடும். ஒரு லீற்றர் என்று சொன்னதை ஒரு போத்தல் என்று விளங்கிக்கொண்டால் கால் லீற்றர் குறைந்துவிடும். கோடு போட்ட பழைய மருந்துப் போத்தல் ஒன்றை இதற்கென ஒதுக்கி வைப்பது நல்லது.

ஊற்றிய பின் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, ஒயில் கீழே இறங்கச் சில நிமிடங்கள் பொறுத்துப் பார்க்க வேண்டும். ஒயில் வடிகட்டி பூட்டிய இயந்திரங்களில் அவ்வடிகட்டி தன் பங்கை எடுத்துக்கொள்வதால் முதலில் சரியாகத் தெரிந்த அளவு பின்னர் குறைந்து காணப்படும். அளவுக் கம்பியைத் துடைத்து, மீண்டும் செருகி எடுத்தே பார்க்க வேண்டும். அநேக சிறு பெற்றோல் இயந்திரங்களிலும் பல மோட்டார் சைக்கிள்களிலும் அக்கம்பியைத் திருகாமல் வெறுமனே செருகியே பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால், குறைந்திருக்கும் ஒயிலும் போதுமானது போலத் தோன்றும். எல்லா வகைக்கும் ஒரே விதி இல்லாதபடியால் கைநூலைப் பார்ப்பதே தகும். மேற்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடையே, மேற்கோட்டை அண்டி நின்றால் அதுவே சரியான அளவு.

கூடிவிட்டால் பதற வேண்டியதில்லை. ஆனால் அப்படியே ஓட்டக் கூடாது. சிரிஞ்சில் மெல்லிய குழாய் பூட்டி, அளவுக் கம்பித் துவாரத்தால் சிறிது சிறிதாக இழுத்தெடுக்கலாம். அல்லது வடிகால் ஆணியைச் சற்றுத் தளர்த்திச் சுத்தமான பாத்திரத்தில் ஏந்தலாம். எடுத்தபின் மீண்டும் பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் அதே வகை ஒயிலைச் சிறிதளவு சேர்த்து மீண்டும் பார்க்க வேண்டும்.

ஊற்றாமலே அளவு ஏறினால் அது வேறு விடயம். மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரங்களில், எரியாது மிஞ்சிய மண்ணெண்ணெய் ஒயிலோடு கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்வதுண்டு. கம்பியை முகர்ந்தால் மணம் காட்டிக் கொடுக்கும். அப்போது கூடியதை மட்டும் எடுப்பதில் பயனில்லை. முழுவதையும் மாற்ற வேண்டும். ஒயில் பாலின் நிறமாக மாறியிருந்தால் தண்ணீர் கலந்துள்ளது என்பதை அறிந்து மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

எமது மக்களுக்கு இயந்திர அறிவு இல்லையென்று எவரும் சொல்ல முடியாது. 1990 களில் பொருளாதாரத் தடையினால் எரிபொருள் அரிதாகியபோது, சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் நாம். 2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபோதும் தோட்டத்தைக் கைவிடவில்லை. இவ்வளவு சமாளித்தவர்களுக்கு அளவுக் கம்பியைப் பார்ப்பது பெரிய காரியமல்ல. சொல்லிக் கொடுப்பார் இல்லை என்பதே குறை.

இக்குறையில் உதவி நிறுவனங்களுக்கும் பங்குண்டு. இயந்திரத்தைக் கையளிக்கும் வைபவத்திற்கு மாலையும் புகைப்படமும் உண்டு. கைநூலோ விளங்காத மொழியில் பெட்டிக்குள்ளேயே கிடக்கின்றது. பயிற்சி நடந்தாலும் வீட்டு ஆண்களையே அழைக்கின்றார்கள். தோட்டத்தையும் குடும்பத்தையும் தனியே சுமக்கும் பெண்கள் அநேகர் இருக்கும் எமது கிராமங்களில் இது நியாயமாகுமா? இயந்திரத்தை நாள்தோறும் ஓட்டுபவர் எவரோ அவரே ஒயில் பார்க்கவும் பழக வேண்டும். ஒவ்வொரு இயந்திரத்துடனும் ஓர் அளவுக் குவளையும், தமிழில் எழுதிய ஒரு பக்கக் குறிப்பும், அரைநாள் செய்முறைப் பயிற்சியும் கொடுக்கப்பட வேண்டுமென நாம் வலியுறுத்துகின்றோம்.

இறுதியாக, வடித்த ஒயிலைப் பற்றி ஒரு வார்த்தை. வேலியோரத்திலோ கிணற்றடியிலோ அதனை ஊற்றுவது பெருந்தவறு. ஆறில்லாத யாழ்ப்பாணத்தில் சுண்ணக்கற் பாறையினுள் தங்கும் நிலத்தடி நீரே எமது குடிநீர். சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் ஒயில் கலந்த பிரச்சினையில் 2019 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு விதித்ததை நாம் அறிவோம். பெரியவர்கள் செய்தால் குற்றம், நாம் சிறிது சிறிதாகச் செய்தால் குற்றமில்லை என்றாகாது. கழிவு ஒயிலை மூடிய கேனில் சேர்த்து, அதனை எடுக்கும் கராஜில் ஒப்படைக்க வேண்டும். கிராம அபிவிருத்திச் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் ஊருக்கு ஒரு பீப்பாய் வைத்தால் இவ்வேலை இலகுவாகும்.

தன் கையே தனக்குதவி என்பார்கள். அக்கை ஊற்றுவதற்கு மட்டுமன்றி, அளப்பதற்கும் பழக வேண்டும். அடுத்த இறைப்புக்கு இயந்திரத்தைத் தூக்குமுன், அதனைச் சமதரையில் வைத்து ஒருமுறை கம்பியை எடுத்துப் பாருங்கள். அதற்கு இரண்டு நிமிடம் போதும்.