பல் விழுவது வயதின் குற்றமல்ல

"வயசானா கண் மங்கத்தான் செய்யும்" என்ற பேச்சு மதுரைச் சுற்றுவட்டாரத்தில் வலுவிழந்ததற்கு 1976இல் டாக்டர் வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும், ஊர் ஊராக நடந்த கண் முகாம்களும் முக்கியக் காரணம். பல்லைப் பற்றி மட்டும் அதே பேச்சு இன்றும் அசையாமல் இருக்கிறது. உண்மையில் பல்லை விழவைப்பது வயதல்ல. ஈறு நோயும் சொத்தையும்தான். எண்பது வயதிலும் இருபது பல் என்ற இலக்கை ஜப்பான் 1989இல் வைத்தபோது, அந்த வயதில் அத்தனை பல் இருந்தவர் ஏறத்தாழ பத்தில் ஒருவரே. 2016 கணக்கெடுப்பில் அது பாதியைத் தாண்டிவிட்டது. வயது அதேதான், பராமரிப்புதான் மாறியது.

பல்செட்டு இருக்கிறதே, பிறகென்ன என்பார்கள். முழுப் பல்செட்டின் கடிக்கும் வலு சொந்தப் பல்லின் வலுவில் ஒரு சிறு பங்குதான். பல் போன இடத்தில் தாடையெலும்பு தேயத் தேய, செட்டும் ஆடத் தொடங்கும். பிறகு காய்கறியும் பயறும் ஒதுங்கி, குழைந்த சோறே மூன்று வேளையும் சாப்பாடாகும். சர்க்கரை நோயாளிக்கு இது இரட்டை அடி: சர்க்கரை ஈறைக் கெடுக்கிறது, கெட்ட ஈறு சர்க்கரையைக் கட்டுக்குள் வரவிடாது. வெற்றிலை போட்டால் பல் உறுதியாகும் என்பதும் பழைய நம்பிக்கைதான்; புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சொன்ன முடிவு.

கண்புரைக்கு ஒருமுறை அறுவை போதும், ஈறுக்கோ தினமும் கவனிப்பு வேண்டும், முகாம் நடத்தி என்ன பயன் என்று கேட்பது நியாயமே. ஆனால் வீடு தேடிப் போகும் ஏற்பாடு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலர்கள் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வாசலுக்கே கொண்டுபோகிறார்கள். அந்த ரத்த அழுத்த மாத்திரைகளில் சில வாயை உலரவைப்பவை. எச்சில் குறைந்தால் சொத்தை விரையும். தன்னார்வலர்களுக்கு வேலைப்பளு அதிகம்தான், அதற்கேற்ப அரசு ஊதியத்தைக் கூட்டட்டும். மாதம் ஒருமுறை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பதும், இரவில் பல்செட்டைக் கழற்றிக் கழுவி வைக்கச் சொல்வதும், இரண்டு வாரம் ஆறாத புண்ணைக் கண்டால் பெரியாஸ்பத்திரி பல் பிரிவுக்கு அனுப்புவதும் அவர்களால் முடியாத காரியமல்ல. மதுரை மாவட்டத்திலேயே இதைத் தொடங்க அரசு உத்தரவிட வேண்டும்.