கட்டாரிலிருந்து வந்த ரின்



சென்ற மாதம் ஒரு நாள் அஸருக்குப் பின் சாம்பல்தீவுப் பாலத்தடியில் பஸ்ஸுக்குக் காத்து நின்றேன். நிலாவெளிப் பக்கமிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த இளைஞர் ஒருவர் என்னைக் கண்டதும் நிறுத்தி, இறங்கி, ஸலாம் சொன்னார். பத்து வருடங்களுக்கு முன் என்னிடம் குர்ஆன் ஓதிய பிள்ளை. இப்போது தோளும் புஜமும் திரண்டு, ஆளை அடையாளம் காணவே எனக்கு நேரமெடுத்தது. பையைத் திறந்து ஒரு பெரிய கறுப்பு ரின்னை வெளியே எடுத்தார். புரத மாவாம். ஜிம்முக்குப் போகிறவர்கள் பாலிலோ தண்ணீரிலோ கரைத்துக் குடிப்பது.

“ஹஸ்ரத், காக்கா கட்டாரில இருந்து நாலு ரின் அனுப்பினார். பொடியன்மார் கேட்டுக் கேட்டு அலையிறாங்க. அடுத்த முறை முப்பது ரின் கார்கோவில போடச் சொல்லி, இங்க விப்பம் எண்டு நினைக்கிறன். இது ஹலால்தானே?”

“பாலில் எடுக்கிறதுதானே மகன், பால் ஹலால்தானே” என்றேன். பஸ்ஸும் வந்துவிட்டது. ஏறிவிட்டேன்.

அந்தப் பதிலை நான் ரின்னைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன். அடுத்த ஜும்ஆவில் அவருடைய மாமா என்னைக் கண்டு, “ஹஸ்ரத் சரி எண்டு சொல்லிட்டாராம், அதனால உம்மாட மாலைய அடகு வச்சு முதல் போடப் போறானாம்” என்றபோதுதான் எனக்கு வியர்த்தது. (அடகுக்கு வட்டி என்பது வேறொரு விடயம். அதை அவரிடம் தனியே பேசிவிட்டேன்.) அன்றிரவு தொடங்கி ஒரு மாதமாக இந்த ரின்னைப் பற்றி விசாரித்தேன். கொழும்பில் இறக்குமதி வேலை பார்க்கும் பழைய தோழர் ஒருவரும் கை கொடுத்தார். கடல் கடந்து பிழைக்கும் பிள்ளைகள் நம் வீடுகளில் அதிகம் என்பதால், அறிந்தவற்றை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் அந்த மாவு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பாலைத் திரையவைத்துப் பாலாடைக்கட்டி, அதாவது சீஸ், செய்யும்போது கட்டி ஒரு பக்கம் போக, பச்சையும் மஞ்சளுமான தெளிந்த நீர் மறுபக்கம் வடியும். நம் கிண்ணியாத் தயிர்ச் சட்டியில் கரண்டி போட்ட இடத்தில் ஊறி நிற்குமே, ஏறத்தாழ அதே நீர்தான். பத்து லீற்றர் பாலுக்கு ஒரு கிலோ அளவில் கட்டி கிடைக்கும், மிச்சம் ஒன்பது லீற்றரும் இந்த நீர். ஒரு காலத்தில் மேல்நாட்டு ஆலைகள் இதை ஆற்றில் ஊற்றின, பன்றிக்கு வைத்தன. பிறகு நுண்ணிய சல்லடைகளால் வடித்து, அதிலுள்ள புரதத்தைத் திரட்டி, உலர்த்தி மாவாக்கக் கற்றுக்கொண்டார்கள். ஒரு லீற்றர் நீரில் ஆறேழு கிராம் புரதமே இருக்கும். ஆகவே ஒரு கிலோ நல்ல மாவுக்கு நூறு லீற்றருக்கு மேல் வேண்டும். அதன் விலைக்கு இதுவும் ஒரு காரணம்.

நான் சறுக்கிய இடம் இங்கேதான். பால் ஹலால் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பாலைத் திரையவைத்தது எது? பழைய முறை, பால்குடிக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைப்பொருள். அரபியில் ‘இன்ஃபஹா’ என்போம். அரபுக் கல்லூரியில் ஃபிக்ஹ் கிதாபில் இந்த வார்த்தையை நான் ஓதியிருக்கிறேன், பரீட்சையும் எழுதியிருக்கிறேன். பாலத்தடியில் அது நினைவுக்கு வரவில்லை! முறைப்படி அறுக்கப்பட்ட, பால் தவிர வேறெதுவும் உண்ணாத கன்றினுடையது தூய்மையானது, செத்த கன்றினுடையது நஜிஸ் என்பது நம் ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. இமாம் அபூ ஹனீஃபா அவர்கள் இதில் வேறு கருத்துடையவர்கள். இன்று பெரும்பாலான ஆலைகள் கன்றின் இரைப்பையைத் தேடுவதில்லை. நுண்ணுயிர்களைக் கொண்டு அதே உறைப்பொருளை ஆக்குகிறார்கள். அமெரிக்கா 1990ஆம் ஆண்டிலேயே அதை அனுமதித்தது. அப்படியானால் பிரச்சினை பெரிதும் குறைகிறது. ஆனால் எந்த ரின்னில் எந்த உறைப்பொருள் என்பதை ரின் சொல்வதில்லை. அதைச் சொல்லக்கூடியவர் ஆலையைப் போய்ப் பார்த்தவர் மட்டுமே. ஹலால் சான்றிதழ் என்பதன் பயன் இதுதான். மாத்திரை வடிவில் வருபவற்றில் ஜெலட்டின் கூடு இருந்தால் அது இன்னொரு கேள்வி.

நம் நாட்டுச் சட்டம் ஹலால் முத்திரையைக் கட்டாயம் கேட்பதில்லை. முன்பு அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா சான்றிதழ் வழங்கி வந்தது. 2013இல் எழுந்த எதிர்ப்பையும் அப்போது நம் சமூகம் பட்ட பாட்டையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதன் பின் அந்தப் பணி தனியொரு நிறுவனத்திடம் கைமாறியது. வெளிநாட்டு ரின்களில் மலேசியா, இந்தோனேசியா போன்ற நாடுகளின் முத்திரைகளும் வரும். இளைஞரின் ரின்னில் ஒரு ஹலால் முத்திரை இருந்தது, ஆனால் அது அச்சில் இல்லை. மேலே ஒட்டிய துண்டு. நகத்தால் நெம்பினால் கழன்று வந்தது. ஒட்டியது ஆலையா, கடைக்காரரா என்று யாருக்குத் தெரியும்?

அடுத்தது நாட்டின் சட்டம். தமக்கென்று பயணப் பையில் ஓரிரு ரின் கொண்டுவருவது ஒன்று, விற்பதற்கென்று முப்பது ரின் இறக்குவது வேறொன்று. வீட்டுச் சாமான் என்று எழுதிய கார்கோப் பெட்டிக்குள் போர்வைக்கும் பால்மாவுக்கும் நடுவே வியாபாரச் சரக்கை வைப்பது பொய்ச் சாட்சி. ‘எல்லாரும் செய்றாங்க’ என்பதால் அது பொய் இல்லையென்று ஆகிவிடாது.

விற்க வேண்டுமானால் சுங்கத்தில் இறக்குமதியாளராகப் பதிய வேண்டும். உணவு என்றால் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் வந்து நிற்கும். சுகாதார அமைச்சின் உணவு அதிகாரிகள் துறைமுகத்திலேயே மாதிரி எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்பலாம். தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, உற்பத்தி செய்த நாடு, இங்கே இறக்கியவரின் பெயர், முகவரி எல்லாம் ரின்னில் இருக்க வேண்டும். நாட்டுக்குள் வரும் அன்று உணவின் ஆயுளில் 60 வீதம் மிச்சமிருக்க வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. இரண்டு வருட ஆயுளுள்ள ரின்னென்றால் பதினான்கு மாதத்துக்கு மேல் பாக்கி இருக்க வேண்டும். வளைகுடாக் கடைகளில் மலிவு விலையில் தள்ளிவிடும் ரின்கள் ஏன் மலிவு என்பதற்கு இங்கே ஒரு விடை இருக்கலாம். இளைஞரின் நான்கு ரின்களில் இரண்டுக்கு ஆயுள் ஐந்தே மாதம்.

இதில் இன்னொரு சிக்கல், ரின் பேசும் பேச்சு. வெறும் புரத உணவு என்று இருந்தால் அது உணவு. நோயைக் குணமாக்கும், இன்ன சுரப்பைக் கூட்டும் என்றெல்லாம் எழுதினால் அது மருந்தின் வாசலில் போய் நிற்கிறது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்கு, உணவுக்கும் மருந்துக்கும் எல்லையில் நிற்கும் பொருட்களின் மேலும் அதிகாரம் உண்டு. அமெரிக்காவிலோ 1994இல் வந்த சட்டப்படி இத்தகைய துணை உணவுகள் விற்பனைக்கு முன் அரசின் அங்கீகாரம் பெறத் தேவையில்லை. ‘அமெரிக்கச் சாமான், அங்க எல்லாம் சோதிச்சுத்தான் விடுவாங்க’ என்று நம் ஆட்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது அவ்வளவு சரியில்லை.

பிறகு வரி. சுங்கத் தீர்வை ஒருபுறம், துறைமுக விமான நிலைய வரி ஒருபுறம், அதன் மேல் 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமான பெறுமதி சேர் வரி, 2022 ஒக்டோபரில் வந்த சமூகப் பாதுகாப்பு அறவீடு. ஒன்றின் மேல் ஒன்றாக ஏறுவதால் ஒழுங்காக இறக்கியவரின் ரின் கடைக்கு வரும்போது கட்டாரின் விலையைப் பார்த்துச் சிரிக்க முடியாது. அரசும் சட்டென்று கதவைச் சாத்தும். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டிய நாட்களை நாம் மறக்கவில்லை. அந்த ஆகஸ்டில் சொக்லேட், ஷாம்பு, வாசனைத் திரவியம் என்று முந்நூறு வகைப் பொருட்களின் இறக்குமதியை ஒரே வர்த்தமானியால் நிறுத்தினார்கள், பின்னர் படிப்படியாகத் தளர்த்தினார்கள். வழியில் கப்பலில் சரக்கு, கையில் அடகுச் சீட்டு என்று நின்றவரின் நிலை என்ன? முப்பது ரின் வியாபாரி இந்த அலையைத் தாங்கமாட்டார்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று இளைஞர் கேட்டார், நியாயமான கேள்விதான். புரதத்தை யாரும் நேரே அளப்பதில்லை. 1883இல் டென்மார்க்கின் கியல்டால் என்பவர் ஒரு முறையைக் கண்டார். (அவர் வேலை செய்தது ஒரு பியர் ஆலையின் ஆய்வுகூடத்தில். கல்வி எங்கிருந்தெல்லாம் வருகிறது பாருங்கள்!) உணவிலுள்ள நைதரசனை அளந்து அதை 6.25ஆல் பெருக்கினால் புரதம் இவ்வளவு என்று கணக்கு. அளவைக் கருவிக்கு நைதரசன்தான் தெரியும், அது பாலிலிருந்து வந்ததா வேறெதிலிருந்தாவது வந்ததா என்று தெரியாது. இந்த ஓட்டையில் புகுந்தார்கள். 2008இல் சீனாவில் தண்ணீர் கலந்த பாலின் புரதக் கணக்கை உயர்த்த மெலமைன் என்ற, பிளாஸ்டிக் தட்டுகள் செய்ய உதவும் இரசாயனத்தைக் கலந்தார்கள். ஏறத்தாழ மூன்று இலட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், ஆறு குழந்தைகள் இறந்தார்கள். புரத மாவிலும் இதே தந்திரம் வேறு வடிவில் நடக்கும். விலை குறைந்த அமினோ அமிலங்களைக் கொட்டினால் கணக்கு ஏறும், தசை ஏறாது. மதீனாவின் சந்தையில் நனைந்த தானியத்தை அடியில் மறைத்தவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி நீங்கள் அறிந்ததே. இங்கே ஈரம் கைக்குத் தட்டுப்படாது. அதனால்தான் ஆய்வுகூடம் தேவைப்படுகிறது.

விளையாட்டு வீரர்களுக்கு இன்னும் ஆபத்து. நம் கிரிக்கெட் வீரர் உபுல் தரங்க தோள் நோவுக்கு உட்கொண்ட மூலிகை மருந்தில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்ததால் 2011இல் மூன்று மாதத் தடை பெற்றார். அது புரத மாவு அல்ல. ஆனாலும் உள்ளே இருப்பது தெரியாமல் உட்கொண்டதன் விலை அது.

புரதமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வளர்ந்தவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் நாளொன்றுக்குத் தேவை என்பார்கள். அறுபது கிலோ ஆளுக்கு 48 கிராம். உடற்பயிற்சி செய்பவருக்குக் கூடுதலாகத் தேவைப்படலாம். ஒரு முட்டையில் ஆறு கிராம், நூறு கிராம் மீனில் இருபது அளவில். நம் கடற்கரை மணலில் காயும் நெத்தலிக் கருவாட்டில் எடையில் பாதிக்கு மேல் புரதம்தான், உப்பு மட்டும் கவனம். தாய்மார்கள் கிளினிக்கில் வாங்கும் திரிபோஷாவும் சோளமும் சோயாவும் சேர்ந்த புரத உணவுதான். 1970களிலிருந்து இந்த நாடு தன் பிள்ளைகளுக்குக் கொடுத்து வருவது. அதை வாங்கிக் கோழிக்குப் போடும் வீடுகளையும் எனக்குத் தெரியும்.

கடந்த செவ்வாய்க்கிழமை மறுபடியும் பாலத்தடியில் அவரைச் சந்தித்தேன். முதலில் என் பதிலை வாபஸ் வாங்கினேன். “அண்டைக்கு நான் வாசிக்காமச் சொன்னது மகன், அதை வச்சு முதல் போடாதீங்க” என்றேன். சிறிது நேரம் பேசாமல் நின்றார். ஏற்கெனவே இரண்டு ரின் விற்றுவிட்டாராம். ஆயுள் குறைந்த இரண்டும் அவைதான். வாங்கியவர்களிடம் ஆயுளையும் முத்திரையையும் சொல்லி, விரும்பாதவர்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். ஒருவர் குடித்துப் பாதி முடித்துவிட்டார், மற்றவர் இன்னும் திறக்கவில்லை என்றார்.

உம்மாவின் மாலை இன்னும் கழுத்தில்தான் இருக்கிறதாம். கொழும்பில் ஒழுங்காக இறக்கும் ஒருவரிடம் வாங்கி, பற்றுச்சீட்டோடு விற்றால் என்ன இலாபம் நிற்கும் என்று தன் கையடக்கத் தொலைபேசியில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு ரின்னுக்கு மிகச் சிறிய தொகைதான். “இதுக்கு மினக்கெடுறதா ஹஸ்ரத்?” என்று கேட்டார். அதை அவரே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அலுவலகம் எங்கே என்று வழி சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.