சுருதிப் பூட்டைத் திறந்து கேளுங்கள்

நிமிடத்திற்கு 33⅓ முறை சுழல வேண்டிய இசைத்தட்டை 45 முறை சுழலவிட்டால் என்ன ஆகும்? பாட்டு விரைந்து ஓடும்; பாடகரின் கனத்த குரல் சிறுபிள்ளைக் குரலாகிவிடும். பாட்டு விரைவது சரி, குரல் ஏன் உயர வேண்டும்? தட்டின் வரிப்பள்ளத்தில் பதிந்திருப்பவை அலைகள். ஊசி அவற்றை 1.35 மடங்கு விரைவாகக் கடப்பதால், வினாடிக்கு 440 ஆக இருந்த அதிர்வுகள் 594 ஆகின்றன. தாளத்திற்கு ஒரு வேகம், சுரத்திற்கு வேறொரு வேகம் என்ற பாகுபாடு தட்டுக்குத் தெரியாது.

டி.ஜே. எனப்படும் கலைஞரின் தொழில் இந்த உண்மையோடு மல்லாடி வளர்ந்தது. 1970-களில் நியூயார்க் நடனக் கூடங்களில், ஒரு பாட்டு முடியுமுன்னரே அடுத்ததை அதன் மேல் இழைத்து, ஆடுவோரின் கால் தடுமாறாமல் கொண்டுசெல்வார்கள். அதற்கு இரு பாட்டுகளின் தாள வேகமும் ஒன்றாக வேண்டும். 1979-இல் வெளிவந்த டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 எம்.கே.2 என்னும் சுழற்றியில், வேகத்தை 8 விழுக்காடு வரை கூட்டவோ குறைக்கவோ ஒரு நகர்த்து குமிழ் உண்டு.

இரண்டு பாட்டுகள் ஒரே சுருதியில் இருப்பதாகக் கொள்வோம். ஒன்றுக்கு நிமிடத்திற்கு 120 தாள அடிகள், மற்றதற்கு 126. இரண்டாவதை 120-க்கு இறக்குகிறோம். தாளம் பொருந்திவிட்டது. ஆனால் அதன் 440 அதிர்வுச் சுரம் 419-க்கு இறங்கிவிட்டதே! முதற்பாட்டின் 440-ஓடு அது சேரும்போது வினாடிக்கு 21 விம்மல்கள் எழும். அவ்வளவு விரைந்த விம்மல்களைக் காது எண்ணாது, கரகரப்பாகவே உணரும். வகுப்பில் இரண்டு இசைக்கவைகளைத் தட்டி விம்மலை எண்ணச் சொல்கிறோம். அதே விம்மல் ஒரு நடனக் கூடத்தையே முகம் சுளிக்க வைக்கும் என்று நாங்கள் சொல்வதில்லை. பிழை ஆசிரியர்களாகிய எங்களுடையதுதான்.

இதற்கு மாற்று ஒரு சிறிய கணக்கில் இருக்கிறது. அதிர்வெண் இருமடங்காகும் தொலைவை 12 சமபடிகளாகப் பிரித்தால், ஒவ்வொரு படியும் 1.0595 மடங்கு. அதாவது வேகத்தை ஏறத்தாழ 6 விழுக்காடு கூட்டினால் சுருதி ஓர் அரைச்சுரம் ஏறும். ஆர்மோனியக் கணக்கில் 1 கட்டைப் பாட்டு ஒன்றரைக் கட்டையாகும். 118 அடியில் உள்ள 1 கட்டைப் பாட்டை 125-க்கு ஏற்றிப் பாருங்கள்: 125-ஐ 118-ஆல் வகுத்தால் 1.059! ஆகவே, 125 அடியில் அமைந்த ஒன்றரைக் கட்டைப் பாட்டோடு அது தாளத்திலும் சுருதியிலும் ஒருங்கே பொருந்தும்.

சுருதிகள் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 1 கட்டை மேஜருக்கும் 5 கட்டை மேஜருக்கும் ஏழு சுரங்களில் ஆறு பொது. இத்தகைய உறவுச் சுருதிகளில் உள்ள பாட்டுகளும் இணங்கிப் போகும்.

இன்றைய மென்பொருள்களில் சுருதியைப் பூட்டிவைக்கும் பொத்தான் ஒன்று இருக்கிறது. ஒலியை மிகச் சிறு துண்டுகளாக்கி, சிலவற்றை விட்டும் சிலவற்றைத் திருப்பியும் அடுக்கி, சுருதி மாறாமல் தாளத்தை மட்டும் மாற்றுவது அதன் ஒரு வழி. பெல் ஆய்வகத்தின் பிளனகனும் கோல்டனும் 1966-இலேயே வேறொரு வழியைக் காட்டியிருந்தனர். அருமையான பொறியியல்தான். மேடையில் நிற்பவர் பயன்படுத்தட்டும். எனக்கு அதில் வழக்கில்லை. கற்கும் நீங்கள் முதல் நாளே அதை அழுத்துவதைத்தான் நான் எதிர்க்கிறேன். எது எதனோடு கட்டப்பட்டிருந்தது என்று அறியாமலே கட்டை அவிழ்த்துவிடுகிறீர்கள்.

பாட்டின் சுருதியைத் தானே கண்டு எழுதித் தரும் மென்பொருளையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். 1 கட்டையை 5 கட்டை என்று அது சொல்லிவிடுவதுண்டு. காரணம் உங்கள் பாடநூலிலேயே உள்ளது. ஒரு சுரத்தின் மும்மடங்கு அதிர்வெண் கொண்ட மேற்சுரம் அதன் பஞ்சமத்தில் விழுகிறது. அந்த மேற்சுரம் வலுவாக ஒலித்தால் கருவி ஏமாறுகிறது. திரையில் தெரியும் எண்ணைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, பொருத்தத்தைக் காதால் சோதியுங்கள்.

ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருளில் வேகத்தை மாற்றும் கட்டளையும், சுருதியைத் தொடாமல் தாளத்தை மாற்றும் கட்டளையும் தனித்தனியே உள்ளன. பள்ளிக் கணினியில் ஒரு பாட்டை எடுத்து, இரு கட்டளைகளிலும் 5.95 விழுக்காடு கூட்டிக் கேளுங்கள். பக்கத்தில் ஓர் ஆர்மோனியம் இருந்தால் இன்னும் நல்லது.