எழுந்து நிற்கச் சொல்கிறது வாட்ச். உட்காரச் சொல்வது யார்?

அம்மாவுக்குப் புடவை எடுக்கப் போயிருந்தோம். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என்னை ‘கொஞ்சம் எழுந்து நடங்க’ என்றது ஸ்மார்ட் வாட்ச். எதிரே புடவைகளைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம், ‘காலையிலேர்ந்து நின்னுட்டேவா இருக்கீங்க?’ என்றேன். ‘பழகிடுச்சுக்கா’ என்றார், கால் மாற்றி நின்றபடி.

கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று 2021-லேயே தமிழகத்தில் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. நாள் முழுக்க நின்றால் முதுகு வலிக்கும், கால் நரம்பு சுருண்டுகொள்ளும் என்பதும் தெரிந்ததுதான். ஆனால், அந்த கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல்கூட இல்லை.

உட்கார்ந்தே வேலை பார்க்கும் நமக்கு நினைவூட்ட ஒரு வாட்ச் இருக்கிறது. நின்றே வேலை பார்ப்பவருக்கு? அடுத்த முறை பில் போடும்போது, ‘இவங்க உட்கார நாற்காலி எங்கே சார்?’ என்று நாமாவது கேட்போம்.