ஒழுங்கு யாருக்கு?

லீ குவான் யூ பெயரை எடுத்தாலே போதும், "பார்த்தீங்களா, ஜனநாயகம் சோறு போடாது, சாட்டைதான் சோறு போடும்" என்று ஒரு கூட்டம் கிளம்பிவிடும். அவருடைய சாதனையை மறுக்க முடியாது. 1965-ல் மலேசியாவிலிருந்து பிரிந்தபோது குடிதண்ணீருக்கே அந்த நாட்டை நம்பியிருந்த குட்டித்தீவு, இன்று ஆசியாவின் பணக்கார நாடுகளில் ஒன்று. 1959 முதல் 1990 வரை அதன் பிரதமர் அவர்தான்.

சிக்கல் சாதனையில் இல்லை. அதை வைத்து உலகத்துக்கு அவர் எடுத்த பாடத்தில்தான்!

1992-ல் மணிலாவுக்குப் போய், வளர்ச்சிக்கு ஜனநாயகத்தைவிட ஒழுங்குதான் தேவை என்று பேசினார். எந்த ஊரில் போய் எதைச் சொல்வது? 1972-ல் மார்கோஸ் ராணுவச் சட்டம் கொண்டுவந்து, பத்திரிகைகளை மூடி, எதிர்க்கட்சிக்காரர்களை உள்ளே தள்ளியதும் ஒழுங்கின் பெயரால்தான். 1986-ல் மக்கள் அவரை விரட்டியபோது மிஞ்சியது மலைபோல் கடனும் இமெல்டாவின் செருப்புகளும். பர்மாவில் 1962-லேயே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. சாட்டைக்கு அங்கே பஞ்சமே இல்லை. வளர்ச்சி எங்கே?

மறுபக்கம் தைவானைப் பாருங்கள். 1987-ல் ராணுவச் சட்டத்தை நீக்கினார்கள். 1996-ல் மக்களே நேரடியாக அதிபரைத் தேர்ந்தெடுத்தார்கள். வளர்ச்சி நின்றுவிட்டதா என்ன? உலகின் மிக நுட்பமான சிப்புகளில் பெரும்பகுதி இன்று அங்கேதான் தயாராகிறது. தென்கொரியாவும் 1987-க்குப் பிறகு ஜனநாயகத்தோடுதான் வளர்ந்தது. லீயின் "ஆசியப் பண்பாடு" வாதத்துக்கு 1994-ல் கட்டுரை எழுதிப் பதில் சொன்ன கிம் டே ஜங், 1998-ல் அந்த நாட்டின் அதிபரே ஆனார்.

அப்புறம் சிங்கப்பூர் ஜெயித்தது எப்படி? அரசு கட்டிக்கொடுத்த வீடுகள், கட்டாயச் சேமநிதி, துறைமுகம், வெளிநாட்டு முதலீடு. எல்லாவற்றுக்கும் மேலே இன்னொன்று. 1986-ல் லீயின் சொந்த அமைச்சர் தே சியாங் வான் மீதே லஞ்ச விசாரணை வந்தது. லீ அவரைக் காப்பாற்றவில்லை. அங்கே ஒழுங்கு ஆள்பவர்களையும் கட்டியது. மார்கோஸிடம் இல்லாதது அதுதான்.

அதே சிங்கப்பூரில் 1966-ல் கைதான எதிர்க்கட்சிக்காரர் சியா தை போ, விசாரணையே இல்லாமல் 23 வருடம் சிறையில் கிடந்தார். அவர் வெளியே இருந்திருந்தால் துறைமுகத்துக்கு ஒரு கப்பலாவது வராமல் போயிருக்குமா?

லீ 2015-ல் காலமானார். அவர் பெயரைச் சொல்லிச் சாட்டை கேட்பவர்கள் மட்டும் குறையவில்லை. அவர்களிடம் ஒரே கேள்வி: உங்கள் அமைச்சர் மீது விசாரணை வந்தால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பீர்களா? மாட்டீர்கள் என்றால், லீ பெயரை விட்டுவிடுங்கள். உங்களுக்குப் பொருத்தமான ஆள் மார்கோஸ்தான்.