அம்மாவுக்கும் ஒரு தட்டு



ஆடி நெருங்கும்போதெல்லாம் அலுவலகத் தபாலில் ஒரு வகைக் கடிதம் கூடிவிடும். பிள்ளைகள் அமெரிக்காவில் இருப்பார்கள். அவர்களோடு ஐப்பசி வரை தங்கப் பயணச்சீட்டும் எடுத்தாயிற்று. "ஃப்ளோரிடாவுக்கும் கூட்டிப்போகிறேன் என்கிறான் மகன். அங்கே டிஸ்னி பூங்காவில் உணவும் ஒயினுமாக ஒரு திருவிழா நடக்கிறதாம். சைவம் சாப்பிடுகிற நாங்கள் அங்கே போய் என்ன செய்வது?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். பிள்ளைகளும் எழுதுகிறார்கள். எந்தக் கிழமை போனால் கூட்டம் குறைவு, எத்தனை கடை பார்க்க முடியும், எவ்வளவு செலவாகும் என்பது அவர்கள் கவலை. இது பயணச் சிறப்பிதழ் என்பதால் இரு தரப்புக்கும் சேர்த்து இந்தப் பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன்.

தாராளமாகப் போகலாம். பிள்ளைகளிடம் மட்டும் ஒரு வேண்டுகோள். குடும்பத்தில் யார் மெதுவாக நடப்பாரோ, யார் பார்த்துப் பார்த்துச் சாப்பிடுவாரோ, அவரை வைத்து அந்த நாளைத் திட்டமிடுங்கள். பெரும்பாலான வீடுகளில் அவர் அம்மாதான். அவர் சாப்பிட நாலு தட்டு, உட்கார நாலு இடம், இவற்றை முதலில் குறித்துக்கொண்டு மற்றவர்களின் ஆசைகளை நடுவே செருகுங்கள். இதை மாற்றிச் செய்கிற வீடுகளில் எல்லோரும் கடை கடையாக வரிசையில் நிற்பார்கள். அம்மா பைகளுக்குக் காவலாகப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ராத்திரி அறைக்குத் திரும்பிய பிறகுதான் அவருக்குத் தயிர் சாதம் கிடைக்கும்.

போகப்போகிற இடத்தைப் பற்றிக் கொஞ்சம். ஆர்லாண்டோ அருகில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டில் நான்கு பெரிய பூங்காக்கள் இருக்கின்றன. திருவிழா நடப்பது அவற்றில் ஒன்றான எப்காட்டில். அந்தப் பெயரில் வால்ட் டிஸ்னி கனவு கண்டது பூங்காவை அல்ல, 20,000 பேர் குடியிருக்கும் ஒரு மாதிரி நகரத்தை. அதை விளக்கிப் படமும் எடுத்து வைத்தார். 1966 டிசம்பரில் காலமாகிவிட்டார். நகரம் வரவில்லை. 1982 அக்டோபர் 1 அன்று பூங்காவாக அது திறக்கப்பட்டது. பின்பகுதியில் ஒரு பெரிய ஏரி, அதன் கரையைச் சுற்றி 11 நாடுகளின் வளாகங்கள். மெக்ஸிகோவில் தொடங்கி நார்வே, சீனா, ஜெர்மனி, இத்தாலி, அமெரிக்கா, ஜப்பான், மொராக்கோ, பிரான்ஸ், பிரிட்டன் என்று போய்க் கனடாவில் முடியும். மொராக்கோவும் நார்வேயும் பிறகு சேர்ந்தவை. இந்தியாவுக்கு அங்கே நிரந்தர வளாகம் இல்லை.

1990களின் நடுவில் இந்த ஏரிக்கரையில் உணவுத் திருவிழா தொடங்கியது. இப்போது கோடையின் பிற்பகுதியில் ஆரம்பித்து நவம்பர் வரை நீள்கிறது. தேதி ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாறும் என்பதால் விமானச் சீட்டுக்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள். திருவிழாவுக்கென்று தனி நுழைவுச்சீட்டு கிடையாது. பூங்காச் சீட்டே போதும், சாப்பிடுவதற்கு மட்டும் தனியாகக் காசு. 3 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குச் சீட்டு வேண்டாம். 10 வயதானால் பெரியவர் கட்டணம்.

கரையோரம் வரிசையாகச் சின்னச் சின்னக் கடைகள். ஒவ்வொன்றும் ஒரு நாட்டின் பெயரிலோ ஒரு உணவுப்பொருளின் பெயரிலோ இருக்கும். கடைக்கு மூன்று நான்கு பண்டங்கள், அவற்றோடு பொருந்தும் ஒயினோ பியரோ. அளவைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இது தெரியாமல் போகிறவர்கள்தான் ஏமாற்றத்தோடு எழுதுகிறார்கள். கோயிலில் சர்க்கரைப் பொங்கல் தரும் தொன்னை அளவுதான் ஒரு தட்டு. அதில் உள்ளங்கையில் பாதி அகலத்துக்கு ஒரு துண்டு, பக்கத்தில் ஒரு கரண்டி மசியல், மேலே இரண்டு கீரைத் துளிர். பெரும்பாலும் 5 டாலரிலிருந்து 10 டாலருக்குள், சில அதற்கும் மேல். சுவை பார்க்கத்தான் அந்த அளவு. வயிறு நிறைய அல்ல. நாலு பேர் போனால் ஒரு தட்டு வாங்கி நாலு பேரும் எடுத்துக்கொள்ளலாம். கூடுதலாக முள்கரண்டி கேட்டால் கொடுப்பார்கள்.

அடுத்தது, டாலரை ரூபாயாக்கிப் பார்க்கும் மனசு. கையகலத் தட்டுக்கு எண்ணூறு ரூபாயா என்று அப்பா சொன்ன மாத்திரத்தில் அம்மா தனக்குப் பசிக்கவில்லை என்பார். இதைத் தாண்ட ஒரு நல்ல வழி அங்கேயே இருக்கிறது. திருவிழாவின்போது கையில் மாட்டிக்கொள்ளும் சின்ன கிஃப்ட் கார்டு விற்பார்கள். உங்களால் முடிந்த தொகையை அதில் போட்டு அம்மாவின் கையில் மாட்டிவிடுங்கள். "இது உங்க பணம்மா, தீர்ற வரைக்கும் நீங்கதான் வாங்கித் தரணும்" என்று சொல்லுங்கள். தனக்கு வாங்கிக்கொள்ளத் தயங்குகிறவர் பேரனுக்கு வாங்கித் தரத் தயங்கமாட்டார், பேரன் தட்டிலிருந்து ஒரு வாய் எடுக்கவும் மாட்டேன் என்னமாட்டார். குடும்பத்தின் செலவும் ஒரு வரம்புக்குள் நிற்கும்.

இனி சைவம். இதை நிதானமாகச் சொல்ல வேண்டும். பெயரை மட்டும் பார்த்து எதையும் வாங்காதீர்கள். இந்தத் திருவிழாவின் மிகப் பிரபலமான பண்டங்களில் ஒன்று கனடாவின் செடார் சீஸ் சூப். வெளிர்மஞ்சள் நிறம், பாலும் வெண்ணெயும் சீஸும் சேர்ந்த கெட்டியான வாசனை. பார்த்தால் குழந்தைக்கும் கொடுக்கலாம் என்று தோன்றும். அதன் செய்முறையை டிஸ்னியே வெளியிட்டிருக்கிறது. பன்றி இறைச்சியான பேக்கனை வறுத்து, அந்தக் கொழுப்பில் வெங்காயம் வதக்கி, கோழி வேகவைத்த சாறு ஊற்றி, கடைசியில் பியரும் சேர்க்கிறார்கள். சாப்பிடுகிறவர்கள் ரசித்துச் சாப்பிடட்டும், அது அருமையான சூப்தான். சைவம் என்று நம்பி ஒருவர் குடித்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

அதனால் கடையில் உள்ளவரிடம் கேட்டுவிடுங்கள். "இறைச்சி இல்லையே?" என்று மட்டும் கேட்டால் போதாது. கோழிச் சாறு, மீன் சாஸ், ஜெலட்டின், பன்றிக் கொழுப்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேளுங்கள். வெஜிடேரியன் என்றால் அங்கே முட்டை இருக்கலாம். சில சீஸ்களில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்ந்திருக்கும், அதைத் தவிர்க்கிறவர்களும் நம் வாசகர்களில் உண்டு. பட்டியலில் இலைக்குறி போட்ட பண்டங்கள் முழுக்கத் தாவர உணவு. பாலும் முட்டையும்கூட இல்லாதவை. அம்மாவின் நாலு தட்டை அங்கிருந்து தேர்ந்தெடுக்கத் தொடங்கலாம். ஒவ்வாமை உள்ளவர்கள் சொன்னால் எந்தப் பண்டத்தில் எது இருக்கிறது என்று எடுத்துக் காட்டுவார்கள். வரிசை நீள்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம்.

சில ஆண்டுகளில் இந்தியாவின் பெயரிலும் ஒரு கடை போட்டிருக்கிறார்கள். வறுத்த காலிஃபிளவர், பிஞ்சு கேரட், கொண்டைக்கடலை போட்டு பாஸ்மதி சாதத்தோடு மெட்ராஸ் ரெட் கறி என்று ஒன்று அங்கே விற்றது. நம் வீட்டுக் குழம்பை அதில் எதிர்பார்க்க வேண்டாம். என்றாலும் ஏழு கடலுக்கு அப்பால் ஒரு பலகையில் நம் ஊரின் பழைய பெயரைப் படிக்கிறபோது அப்பாவின் முகம் மலர்வதைப் பாருங்கள், கட்டாயம் ஒரு படம் எடுத்துக்கொள்வார். இந்த ஆண்டு அந்தக் கடை உண்டா என்பதைப் பட்டியல் வெளியானதும் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருவிழாவைச் சேராத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், எனக்கு மிகவும் பிடித்தது அது. நார்வே வளாகத்தில் ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும் ஒரு பேக்கரி இருக்கிறது. அங்கே ஸ்கூல் பிரெட் என்று ஒரு பன் கிடைக்கும். பிய்த்தால் முதலில் ஏலக்காய் மணம். நடுவில் கஸ்டர்ட், மேலே சர்க்கரைப் பாகும் வறுத்த தேங்காய்த் துருவலும். ஏலக்காயும் தேங்காயும் சேர்ந்த ஒரு பண்டம் வட துருவத்துக்குப் பக்கத்து நாட்டிலிருந்து வருகிறது! முட்டை சாப்பிடுகிற அம்மா என்றால் முதல் தட்டே இதுவாக இருக்கட்டும். புதிய ஊரின் சாப்பாட்டைப் பற்றிய பயம் அந்த ஒரு வாயில் பாதி போய்விடும்.

எதுவுமே ஒத்துக்கொள்ளாதவர்களுக்காக இன்னொன்று. வீட்டுச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோகத் தடையில்லை. கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது. புளியோதரையும் சப்பாத்தியும் பிளாஸ்டிக் டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். விரைவு உணவகங்களில் கேட்டால் குளிர்ந்த தண்ணீர் காசில்லாமல் தருவார்கள். மாத்திரை போட வேண்டியவர் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், வரிசை அதற்குக் காத்திருக்காது.

நடையைப் பற்றி இளையவர்கள் எப்போதுமே குறைத்துச் சொல்லிவிடுகிறார்கள். ஏரியைச் சுற்றினாலே ஏறக்குறைய 2 கிலோமீட்டர். கார் நிறுத்துமிடத்திலிருந்து முன்வாசல், அங்கிருந்து 55 மீட்டர் உயர உருண்டைக் கட்டடத்தைக் கடந்து ஏரிக்கரை வரை நடப்பது வேறு. பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் நடுவே இன்னொரு வாசல் இருக்கிறது. ஸ்கைலைனர் என்ற கம்பிவட வண்டி அங்கேதான் கொண்டுவந்து விடும், இறங்கினால் ஏரிக்கரை பக்கம். ஏரியைக் குறுக்காகக் கடக்கப் படகும் ஓடுகிறது, அதற்குக் கட்டணம் இல்லை. சக்கர நாற்காலி வாசலிலேயே வாடகைக்குக் கிடைக்கும். "எனக்கென்ன, நான் நடப்பேன்" என்று அப்பா சொல்வார். மதியத்துக்கு மேல் தேவைப்படும்போது நாற்காலிகள் தீர்ந்துபோயிருக்கலாம், ஆகவே காலையிலேயே எடுத்துவிடுங்கள்.

திங்கள் முதல் வியாழனுக்குள் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். வெள்ளி மாலையும் வார இறுதியும் உள்ளூர்க்காரர்கள் திரண்டு வருவார்கள். கடைகள் பொதுவாகக் காலை 11 மணிக்குத் திறக்கும். முதல் இரண்டு மணி நேரம்தான் வரிசை குறைவு. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் வெயிலும் புழுக்கமும் கடுமை, பிற்பகலில் இடியோடு மழை, புயல் பருவமும் அதுதான். இடி இடித்தால் ஸ்கைலைனர் நின்றுவிடும். முடிந்தால் அக்டோபர் கடைசியில் போங்கள், பெரியவர்களுக்கு அதுவே இதம்.

வெயில் உச்சிக்கு வந்ததும் உள்ளே போய்விடுங்கள். அமெரிக்க வளாகத்தில் அரை மணி நேர நாடகம் ஒன்று, பேசும் பொம்மைகள் நாட்டின் வரலாற்றைச் சொல்லும், குளிரூட்டிய அரங்கம். என்னைக் கேட்டால் அதைவிட 'லிவிங் வித் தி லேண்ட்' படகுக்குப் போகச் சொல்வேன். கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக மெல்ல நகரும் படகு, கண்ணாடிக் கூடங்களுக்குள் புகுந்து போகும். வாழை, பப்பாளி, பலா ஒரு கூடத்தில். அடுத்ததில் மண்ணே இல்லாமல் வேர் காற்றில் தொங்க வளரும் காய்கறிகள். அச்சுக்குள் வைத்து மிக்கி மவுஸ் தலை வடிவத்தில் காய்க்க வைத்த பூசணி. அங்கே விளைகிறதில் ஒரு பகுதி பூங்காவின் உணவகங்களுக்கே போகிறது. வயலும் தோட்டமும் பார்த்து வளர்ந்த பெரியவர்கள் இறங்க மனமில்லாமல் இறங்குவார்கள். இன்னொரு முறையும் ஏற்றிவிடுங்கள், ஒரு கடை குறைந்தால் பரவாயில்லை.

ஒயினைப் பற்றிச் சுருக்கமாக. வேண்டாதவர்கள் பக்கமே போக வேண்டாம், யாரும் வற்புறுத்தப்போவதில்லை. விரும்புகிறவர்கள் 21 வயது நிரம்பியதற்கு ஆவணம் காட்ட வேண்டும். நம் நாட்டிலிருந்து போகிறவர்கள் அசல் பாஸ்போர்ட்டை எடுத்துப்போக வேண்டும். 11 நாட்டிலும் ஒவ்வொரு கோப்பை குடித்து முடிப்பது என்று இளைஞர்கள் கூட்டமாகக் கிளம்புகிற பழக்கம் அங்கே உண்டு. பெற்றோரோடு போகிற நாளில், அதுவும் அந்த வெயிலில், அது வேண்டாம். அப்பாவும் மகனும் நிழலில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு சின்னக் கோப்பையை மெதுவாகக் குடிப்பது வேறு விஷயம், அதில் எனக்கு மறுப்பில்லை. காரோட்டுகிறவர் யார் என்பதைக் காலையிலேயே முடிவு செய்யுங்கள், அவருக்கு எலுமிச்சைச் சாறு.

வளாகங்களில் வேலை செய்யும் இளைஞர்களில் பலர் அந்தந்த நாட்டிலிருந்தே வந்தவர்கள். சட்டையில் பெயரோடு ஊர்ப் பெயரும் குத்தியிருக்கும். பேச்சுக் கொடுங்கள். ஆங்கிலம் சரளமாக வராத அம்மாவையும் பேச விடுங்கள், எதிரில் நிற்கும் பெண்ணுக்கும் ஆங்கிலம் இரண்டாவது மொழியாகத்தான் இருக்கும். சமையல் பற்றிய பேச்சென்றால் இருவருக்கும் கையே போதும்.

திருவிழாவின் பட்டியல் ஆண்டுதோறும் மாறுகிறது. ஆகவே இந்த முறை போய்வருகிறவர்கள் ஒரு கடிதம் போடுங்கள். எந்தக் கடையில் எது நல்ல சைவம், விலை என்ன, எந்தப் பெஞ்சுக்கு நிழல் இருந்தது, அம்மா எதை இரண்டாம் முறை கேட்டார் என்று எழுதினால் போதும். அடுத்த ஆண்டு ஆனி இதழில் அவற்றையெல்லாம் தொகுத்துப் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்